நூற்று அறுபத்து மூன்று காப்பாற்றப்பட்ட விதம்

எங்கள் கல்லூரி வாசலில் நீதிதேவதைக்கு ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. அதை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. நாங்கள் கும்பிடுவது நூற்று அறுபத்து மூன்றை.

அது என்ன என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டப் படிப்பில் சேர ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. அதில் உச்ச மதிப்பெண் நூற்று எண்பது. ஒரு வருஷம் சேர்ந்தவர்களை எல்லாம் மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால் நட்ட நடுவில் நிற்கிற ஆளின் மதிப்பெண்தான் கல்லூரியின் நடு எண்; நடுவில் இரண்டு பேர் நின்றால் இருவருடைய சராசரி. அதைப் பார்த்துத்தான் ஒரு பத்திரிகை வருஷா வருஷம் நாட்டிலுள்ள சட்டக் கல்லூரிகளுக்கு ரேங்க் போடுகிறது. எங்கள் ஹாரோகேட் சட்டக் கல்லூரியின் நடு எண் நூற்று அறுபத்து மூன்றாக இருந்தால் நாற்பத்தெட்டாம் இடம். அரை மதிப்பெண் இறங்கினால் ஐம்பதுக்கு வெளியே. மூன்று வருஷம் முன்பு அப்படி ஒருமுறை இறங்கியபோது டீன் ஸ்ட்ரேயர் நாலு நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. துக்க வீட்டுக்குச் செய்வதுபோல அக்கம்பக்கத்தார் மூடிய பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

என் பெயர் பெர்னடின் கோஸ்லிக். சேர்க்கை அலுவலகத்தின் முன்மேசையில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். காகிதம் வரும், முத்திரை குத்துவேன், போகும். கருத்துச் சொல்ல எனக்குச் சம்பளம் கிடையாது. அதனால் இங்கே இலவசமாகச் சொல்கிறேன்.

சேர்க்கையில் கறுப்பர், வெள்ளையர் என்று இனத்தைப் பார்க்கக் கூடாது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வருஷம், பல்கலைக்கழகத்தின் வக்கீல் வந்து எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார். விண்ணப்பத்தில் இனத்தைக் குறிக்கும் கட்டத்தை நாங்கள் பார்க்கக் கூடாது. ஆனால் மாணவரே தன் வாழ்க்கையைப் பற்றிக் கட்டுரையில் எழுதினால் படிக்கலாம்.

"படிக்கலாம். மனசுல வாங்கிக்கலாம். ஆனா தெரிஞ்சுக்கக் கூடாது," என்றார் வக்கீல்.

"படிச்சா தெரிஞ்சுடுமே?" என்று கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியலாம் பெர்னடின். அலுவலகத்துக்குத் தெரியக் கூடாது."

சேர்க்கை இயக்குநர் மார்சி டெல்லிங்கர் இதை அப்படியே குறித்துக்கொண்டார். மார்சி நல்ல மனுஷி. யார் கஷ்டத்தைக் கேட்டாலும் கண் கலங்குவார். கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு மதிப்பெண்ணைப் பார்ப்பார்.

அந்தக் குளிர்காலத்தில்தான் கெட்டூரா பாய்ஸின் விண்ணப்பம் வந்தது. வயது முப்பது. மாவட்ட நீதிமன்றத்தில் வீடு காலி செய்யும் வழக்குகளுக்குக் காகிதம் வாங்கும் ஜன்னலில் பதினோரு வருஷ வேலை. வாடகைக்கு இருப்பவர்கள் வக்கீல் இல்லாமல் வந்து நின்று, நாலு நிமிஷத்தில் வழக்குத் தோற்று, தன் ஜன்னலில் வந்து "இப்ப நான் எங்கம்மா போறது?" என்று கேட்பதைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். "அவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை, அதனால் சட்டம் படிக்க விரும்புகிறேன்" என்று முடித்திருந்தாள். பத்தொன்பது வருஷத்தில் நான் இரண்டு முறை படித்த கட்டுரை அது ஒன்றுதான்.

மதிப்பெண் நூற்று அறுபத்தொன்று.

மார்சி கட்டுரையை முன்னும் பின்னும் புரட்டினார். "தன்னைப் பத்தி ஒரு வார்த்தை எழுதலையே! எந்த மாதிரிக் குடும்பம், எந்த மாதிரி அக்கம்பக்கம், ஒண்ணுமே இல்ல. இதை வச்சுக்கிட்டு நான் எதை மனசுல வாங்கறது?" என்று கையைப் பிசைந்தார். நேராகக் கேட்கவும் முடியாது. கடைசியில் போன் செய்து ஒலிபெருக்கியில் போட்டார்.

"கெட்டூரா, உங்க கட்டுரை ரொம்ப அருமை. நீங்க வாழ்க்கையில தாண்டி வந்த தடைகளைப் பத்திக் கொஞ்சம்..."

"தடைன்னா மேடம்?"

"நான் எதையும் குறிப்பா கேக்கல. கேக்கவும் மாட்டேன். ஆனா சொன்னீங்கன்னா தடுக்க மாட்டேன்."

"உங்க விண்ணப்பக் கட்டணம் கொஞ்சம் தடையாத்தான் இருந்துச்சு மேடம்," என்றாள் கெட்டூரா.

நேர்முகத்துக்கு அவள் நேரில் வந்தபோது மார்சிக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. அலுவலகத்துக்கு மட்டும் தெரியவில்லை.

ஏப்ரலில் கடிதம் போயிற்று. முத்திரை குத்தியது நான்தான். கெட்டூரா பாய்ஸ் 'எதிர்கால மாணவர்' ஆகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார். ஹாக்கடே உதவித்தொகைக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது. ஆகஸ்டில் வகுப்புக்கு வரவும். முழுக் கட்டணத்தையும் தரக்கூடிய உதவித்தொகை அது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஹாக்கடே என்கிற பணக்கார வக்கீல், இந்த மாவட்டத்துக் கறுப்பின மாணவர்களுக்கென்று எழுதி வைத்தது. நகரத்துக் கல்லூரி கெட்டூராவுக்குப் பாதிக் கட்டணம் விட்டுக்கொடுத்திருந்தது. ஆனால் அதன் ரேங்க் நூற்று முப்பதுக்கும் கீழே. எங்கள் பேரை நம்பி அந்த இடத்தை விட்டாள். ஜன்னல் வேலையையும் விட்டாள்.

ஆகஸ்டில் முதல் நாள் வந்தவளைப் புகைப்படக்காரர் பிடித்துக்கொண்டார். கல்லூரியின் விளம்பரப் புத்தகத்துக்குப் படம் வேண்டும். "நல்லா வெளிச்சம் விழற முகமா நாலு பேரு முன்வரிசைக்கு வாங்க," என்றார். எல்லோர் முகத்திலும் வெளிச்சம் ஒன்றாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. அவர் கூப்பிட்டதென்னவோ கெட்டூராவையும் இன்னும் மூன்று பேரையும். செப்டம்பருக்குள் அவள் அட்டைப்படத்தில் இருந்தாள், இணையதளத்தில் இருந்தாள், ஊர்ப் பஸ்ஸின் பக்கவாட்டில் ஆள் உயரத்துக்குச் சிரித்துக்கொண்டு போனாள்.

வருகைப் பதிவேட்டில் மட்டும் இல்லை.

என் மேசைக்கு வந்து கேட்டாள். "மிஸ் பெர்னடின், பேராசிரியர் எல்லாரையும் பேர் சொல்லிக் கேள்வி கேக்கறாரு. என்னை மட்டும் தாண்டிப் போயிடறாரு. உதவித்தொகையும் வரல. என்ன நடக்குது?"

மார்சி உள்ளே அழைத்து உட்கார வைத்து, காகிதத் தட்டில் பிஸ்கட் கொடுத்து விளக்கினார். அக்டோபர் ஐந்தாம் தேதி எண்ணிக்கை நாள். அன்று மாலை ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போடுகிறவர்களை வைத்துத்தான் நடு எண் கணக்கிடப்படும். 'எதிர்கால மாணவர்கள்' பதினேழு பேரும் ஆறாம் தேதிதான் சேர்க்கப்படுவார்கள்.

"அதுவரைக்கும் நான் யாரு மேடம்?"

"எதிர்கால மாணவர்."

"நான் தினமும் கிளாஸ்ல உக்காந்துட்டுத்தானே இருக்கேன்?"

"அதான் சொல்றேன், உங்க எதிர்காலம் ஏற்கெனவே ஆரம்பிச்சிடுச்சு!" மார்சிக்குக் கண் கலங்கியது. "இப்பவே சேத்தா உங்களை நாங்க வெறும் ஒரு எண்ணா பாக்கற மாதிரி ஆயிடும். அப்படிப் பாக்க எனக்கு மனசு வரல."

பதினேழு பேரில் எத்தனை பேர் என்ன நிறம் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது; தெரியக் கூடாது என்று பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். அட்டைப்படத்தைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

அக்டோபர் ஐந்தாம் தேதி வந்தது. எண்ணுகிற நாளில் எண்ணப்படாதவர்கள் வராந்தாவில் சுற்றிக்கொண்டிருந்தால் நன்றாக இருக்காது என்று டீன் நினைத்தார். பதினேழு பேருக்கும் பஸ் பிடித்து, ஐம்பது நிமிஷம் தள்ளி ஒரு ஆப்பிள் தோட்டத்துக்கு உல்லாசப் பயணம். சுடச்சுட ஆப்பிள் டோனட் இலவசம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். கூடப் போய்த் தலை எண்ணுகிற வேலை எனக்கு.

பஸ்ஸில் எண்ணினேன். பதினெட்டு வந்தது. எண்ணிக்கையில் இல்லாதவர்களில் ஒன்று கூடினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று உட்கார்ந்துவிட்டேன். பத்தொன்பது வருஷத்தில் நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

மூன்றரை மணிக்கு டீனிடமிருந்து போன். "பெர்னடின், கானர் ஹட்ச் அங்க இருக்கானா?"

கானர் ஹட்ச் என்றால் நூற்று எழுபத்திரண்டு. அந்த வருஷத்தின் உச்ச மதிப்பெண். நூற்றியொரு பேர் கையெழுத்துப் போட வேண்டியதில் நூறு பேர் போட்டாயிற்று. அவன் ஒருவன்தான் பாக்கி. அவன் வராவிட்டால் நடு எண் நூற்று அறுபத்திரண்டரை. டீனின் குரல் குழறியது. "அந்தப் பையன் டோனட் அறிவிப்பைப் பாத்துட்டு பஸ் ஏறிட்டானாம். அவனைக் கண்டுபிடி. என் உயிரு உன் கையிலதான் இருக்கு!"

அந்தத் தோட்டத்தில், எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் எல்லாம் இலையுதிர் காலத்தில் செய்வதுபோல, ஆளுயரச் சோளக்கொல்லையை வெட்டிப் பாதை பாதையாக விட்டிருந்தார்கள். உள்ளே நுழைந்தால் தட்டுத்தடுமாறி வழி கண்டுபிடித்துத்தான் வெளியே வர வேண்டும். கானர் அதற்குள் போய் ஒரு மணி நேரம் ஆகிவிட்டதாம். கெட்டூரா காலையிலேயே இரண்டு முறை உள்ளே போய் வந்திருந்தாள். "நான் கூட்டிட்டுப் போறேன், வாங்க மிஸ் பெர்னடின்," என்று முன்னால் நடந்தாள். முட்டிவலியோடு நான் பின்னால் போனேன்.

முட்டுச்சந்து ஒன்றில் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து டோனட் தின்றுகொண்டிருந்தான் பையன்.

"தம்பி, எழுந்திரு. உன்னைக் காணோம்னு டீன் அங்க துடிக்கிறாரு. இது எண்ணிக்கையில இல்லாதவங்களுக்கான பிக்னிக்," என்றேன்.

"அப்படியா? போர்டுல போடவே இல்லையே." கெட்டூராவைப் பார்த்தான். "நீங்க எண்ணிக்கையில இல்லையா? பஸ் மேலகூட நீங்கதானே இருக்கீங்க?"

"பஸ் மேலதான் இருக்கேன்," என்றாள் கெட்டூரா. "உனக்கு உதவித்தொகை வந்துருச்சா?"

"ம். ஃபீஸ் முழுக்க விட்டுட்டாங்க, மேல வாடகைக்கும் குடுக்கறாங்க. அப்பா பல் டாக்டர், அவரே கட்டிடுவாருன்னு சொல்லிப் பாத்தேன். கேக்கவே மாட்டேங்கறாங்க. பேரு என்னமோ சொன்னாங்களே... ஹாக்கடே."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கானரின் உதவித்தொகைக் கடிதத்துக்கும் நான்தான் முத்திரை குத்தியிருந்தேன். பேரைப் படிக்காமல் குத்துவது என் வழக்கம். கெட்டூரா என் கையிலிருந்த போனை வாங்கி டீனைக் கூப்பிட்டாள்.

"டீன் சார், கானர் இங்கதான் இருக்காரு. வெளியில போற வழி எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க கெட்டூரா, என்ன வேணா கேளுங்க!"

"நானும் இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போடணும். சொன்னபடி எனக்கு உதவித்தொகை வேணும்."

அந்தப் பக்கம் கணக்குப்பொறியைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு டீன் பேசினார். அவ்வளவு இதமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"உங்ககிட்ட எதையும் மறைக்க மாட்டேன். கானர் வரலைன்னா நடு எண் நூத்தி அறுபத்திரண்டரை. கானர் வந்து கூடவே நீங்களும் கையெழுத்துப் போட்டாலும் அதே நூத்தி அறுபத்திரண்டரை. அவன் இல்லாம போறதும் நீங்க இருக்கறதும் கல்லூரிக்கு ஒரே நஷ்டம்தான். இது என் கருத்து இல்ல கெட்டூரா, கணக்கு. கணக்குக்கு நிறம் கிடையாது. அதுதான் அதோட அழகு."

"அப்ப எனக்கு என்னதான் வழி?"

"யோசிச்சுப் பாருங்க. நாளைக்கு நாம ஐம்பதுக்கு வெளியில போனா உங்க பட்டத்தை யாரு மதிப்பாங்க? இது உங்க கல்லூரி. நீங்கதான் காப்பாத்தணும்."

"என் கல்லூரின்னா நான் ஏன் சார் வெளியில நிக்கறேன்?"

"வெளியில நிக்கறவங்களாலதான் இதோட பெருமையை முழுசா பாக்க முடியும்," என்றார் டீன். உண்மையிலேயே நெகிழ்ந்துபோய்ச் சொன்னார்.

கெட்டூரா போனை அணைத்தாள். மணி மூன்று ஐம்பது. "மிஸ் பெர்னடின், இவனை இங்கயே விட்டுட்டுப் போயிடலாமா?"

விட்டுவிடு என்று என் நாக்கு நுனி வரை வந்தது. எனக்கு ஓய்வூதியம் கிடைக்க இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நகரத்துக் கல்லூரில இடம் போச்சு. ஜன்னல்ல வேற ஆளு உக்காந்தாச்சு," என்று அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள். "இதுவும் போனா எனக்கு எதுவும் மிச்சமில்ல." பிறகு பையனைப் பார்த்து, "வாடா, இடது பக்கம்," என்றாள்.

நாலு ஐம்பத்திரண்டுக்குக் கானர் கையெழுத்துப் போட்டான். விரலில் சர்க்கரை ஒட்டியிருந்தது. பதிவேட்டில் அது இன்னமும் தெரிகிறது. டீன் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். 163 என்று எழுதிய கேக் வெட்டினார்கள். எதிர்கால மாணவர்கள் பதினேழு பேரும் பஸ்ஸுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். கேக் முடிந்த பிறகுதான் கதவைத் திறக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

மறுநாள் காலை கெட்டூரா சேர்ந்தாள். முழுக் கட்டணம், கல்விக் கடன். உதவித்தொகை என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு மார்சி ஒரு கோப்பை எடுத்துக் காட்டினார். தீர்ப்புக்குப் பிறகு ஹாக்கடே பத்திரத்தைத் திருத்தியாயிற்று. 'கறுப்பின மாணவர்களுக்கு' என்று இருந்த இடத்தில் இப்போது 'கல்லூரியின் நற்பெயருக்குப் பங்களிப்பவர்களுக்கு' என்று இருந்தது.

"நேத்து கானரைக் கொண்டுவந்து சேத்தது நான்தானே? அது பங்களிப்பு இல்லையா?"

"கண்டிப்பா பங்களிப்புதான்! ஆனா நேத்து நீங்க மாணவர் இல்லையே."

அடுத்த வாரம் நன்கொடையாளர் விருந்து. எண்பத்தெட்டு வயது திருமதி ஹாக்கடே சக்கர நாற்காலியில் வந்திருந்தார். பயனடைந்த மாணவர் ஒருவர் மேடையேறி நன்றி சொல்வது வழக்கம். கானருக்குச் சொல்வதற்குக் கதை இல்லை என்று கெட்டூராவைக் கூப்பிட்டார்கள். மறுத்துவிட்டாள். நன்றி சொல்ல வேண்டாம், அந்த மூதாட்டி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் போதும் என்றார்கள். உட்கார்ந்தாள்.

சூப் வந்தபோது திருமதி ஹாக்கடே அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்டுக்காரரோட பணம் உனக்கு எவ்வளவும்மா கிடைக்குது?" என்று கேட்டார்.

"ஒரு டாலர்கூட இல்லம்மா. அது ஒரு பல் டாக்டர் பையனுக்குப் போகுது," என்றாள் கெட்டூரா, மேசை முழுக்கக் கேட்கும்படி.

அப்பாடா, ஒருத்தியாவது சொல்லிவிட்டாள் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. டீன் ஸ்ட்ரேயர் மெல்ல எழுந்தார்.

"கேட்டீங்களா! பயம் இல்லாம, யாருக்கும் தலை வணங்காம, உண்மையை நேருக்கு நேரா! இதைத்தான் ஹாரோகேட் கத்துக் குடுக்குது. சேந்து ஒரு வாரத்துல இப்படின்னா மூணு வருஷத்துல எப்படி இருப்பாங்க!"

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். திருமதி ஹாக்கடே கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அங்கேயே இன்னொரு காசோலை எழுதினார். உதவித்தொகை இரண்டு மடங்காகி, அடுத்த வருஷத்துக்கு இன்னொரு நூற்று எழுபத்திரண்டு வாங்க வழி பிறந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கெட்டூரா விலகல் படிவத்தைப் பூர்த்தி செய்து என் மேசையில் வைத்தாள். நான் படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். அக்டோபர் ஐந்துக்குள் விலகினால் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு என்றால் முழு வருஷக் கட்டணமும் கட்டியாக வேண்டும்.

"ஆறாம் தேதி சேந்தவ அஞ்சாம் தேதி எப்படி மிஸ் பெர்னடின் விலகுவா?"

சத்தம் கேட்டு மார்சி ஓடிவந்தார். "விலகாதீங்க கெட்டூரா! விலகறவங்க எத்தனை பேருன்னும் பத்திரிகைக்காரங்க எண்றாங்க. அதுல எல்லாரையும் எண்ணுவாங்க. இப்ப நீங்க எங்களுக்கு ரொம்ப முக்கியமான ஆளு!"

சொல்லிவிட்டு மார்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். கெட்டூரா என்னைப் பார்த்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் சேர்க்கைப் படிவத்தில் ஆறாம் தேதி முத்திரையைக் குத்திய கை இதுதான்; விலகல் படிவத்துக்காக முத்திரையின் தேதியை ஐந்துக்குத் திருப்ப ஒரு விரல் போதும். திருப்பவில்லை.

"இப்ப என்ன கிளாஸ்?" என்று கேட்டாள்.

"ஒப்பந்தச் சட்டம். ஆரம்பிச்சு பத்து நிமிஷம் ஆச்சு."

"இன்னிக்கு என்ன பாடம்?"

சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துச் சொன்னேன். "வேற வழியில்லாம போட்ட கையெழுத்து செல்லுமா, செல்லாதா."

"செல்லாதுன்னு சொன்னா வெளியில விட்டுருவாங்களா?"

"பாடத்துல விடுவாங்கம்மா," என்றேன்.

அவள் விலகல் படிவத்தை நாலாக மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.